கூட்டாஞ்சோறு

கூட்டாஞ்சோறு என்னும் சொல் தமிழ்நாட்டில் இரண்டு பொருள்களில் வழங்குகிறது. நெல்லைச் சீமையிலே அது ஓர் உணவின் பெயர். அரிசியும் துவரம்பருப்பும் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் கீரையும் தேங்காயும் ஒரே பானையில் கூடி வேகும் சோறு அது. மற்ற பல ஊர்களில் அது சிறுவர் விளையாட்டு. ஒரு வீட்டுப் பிள்ளை ஒரு பிடி அரிசி கொண்டுவரும். இன்னொரு பிள்ளை மடியில் பருப்பை முடிந்துகொண்டு வரும். மூன்றாவது பிள்ளை வெல்லக் கட்டி ஒன்றை யாரும் அறியாமல் எடுத்து வரும். மூன்று கற்களைக் கூட்டி அடுப்பாக்கி, அரைவேக்காட்டில் இறக்கி, ஊதி ஊதி உண்பார்கள். அந்தச் சோற்றின் சுவை பின்னாளில் எந்த விருந்திலும் கிடைப்பதில்லை என்று முதியோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பெரியவர்கள் இதையே சிறிது மாற்றிச் செய்வது உண்டு. அவரவர் வீட்டில் சமைத்ததை அவரவர் கொண்டுவந்து, நடுவில் வைத்து, எல்லாரும் பகிர்ந்து உண்பது. எங்கள் ஊரிலிருந்து நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞர்கள் இதைப் ‘பாட்லக்’ என்கிறார்கள். முன்னறிவிப்பு இன்றி வந்த விருந்தினருக்கு அன்றைக்குப் பானையில் என்ன இருக்கிறதோ அதுவே கிடைக்கும் என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள். பெயர் எதுவாயினும் ஆகுக. இவ்வாறு உண்பதில் அடங்கியுள்ள ஓர் அறத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் வாழ்வது ஓசூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். கன்னடத்தில் ‘ஹொஸ’ என்றால் புதிய என்று பொருள். எனவே ஓசூர் என்பது புத்தூர். இந்தப் பகுதி முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது. 2004ஆம் ஆண்டு முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் தெருவின் பேச்சு மாறவில்லை. எங்கள் தெருக்களில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே நாளில், சிலவேளை ஒரே வாக்கியத்தில், கேட்கும். சந்தையில் காய் விற்கும் அம்மையார் ஒரு மொழியில் விலை சொல்லி, வேறொரு மொழியில் பேரம் முடித்து, மூன்றாவது மொழியில் மீதிச் சில்லறையைக் கொடுப்பார். 

1970களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை உருவாயிற்று. கனரக வண்டிகளும் இருசக்கர வண்டிகளும் கைக்கடிகாரங்களும் இங்கே உற்பத்தியாகத் தொடங்கின. அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு தொழிற்கூடங்கள் தெருவுக்குத் தெரு எழுந்தன. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மக்கள் வந்தார்கள். பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்தார்கள். பழைய நான்கு மொழிகளோடு இன்னும் பல மொழிகள் கலந்தன.

இத்தகைய ஊரில் மக்களை ஒன்றுசேர்ப்பது எது? ஒரே மொழி இல்லை. ஒரே சமயம் இல்லை. ஒரே சாதியும் இல்லை. பசி ஒன்றுதான் எல்லாருக்கும் பொது. அந்தப் பசியைத் தனித்தனியே ஆற்றிக்கொள்கிறோமா, சேர்ந்து ஆற்றிக்கொள்கிறோமா என்பதில்தான் ஊரின் நலம் இருக்கிறது.

பணி ஓய்வுக்குப் பின் நாங்கள் நண்பர்கள் ஒன்பது பேர் ஒவ்வொரு நிறைமதி நாளிலும் யாரேனும் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுகிறோம். பெரும்பாலோர் ஆசிரியர்கள், இருவர் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர்கள், ஒருவர் நெசவாளர். அவரவர் வீட்டிலிருந்து ஏதேனும் ஒரு பண்டம் வரும். கடையில் வாங்கியது கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. இலை போட்டு, தரையில் அமர்ந்து உண்போம்.

மாணவர்களே, அந்த இலையில் நான் கற்ற பாடங்கள் சில உண்டு. ஒருநாள் கேழ்வரகுக் களி வந்தது. தமிழர் நாங்கள் அதைக் களி என்றோம். கன்னட நண்பர் ‘ராகி முத்தெ’ என்றார். தெலுங்கு நண்பர் ‘ராகி சங்கடி’ என்றார். மூன்று பெயர், ஒரே உருண்டை! கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, கையை நனைத்துக்கொண்டு உருட்டி வைப்பது மூன்று வீட்டிலும் ஒன்றே. நொய் சேர்ப்பதா வேண்டாமா, மென்று உண்பதா விழுங்குவதா என்பதில் மட்டுமே வழக்கு. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. தீர வேண்டும் என்று எங்களுள் யாருக்கும் விருப்பமும் இல்லை.

மார்கழி, தை மாதங்களில் எங்கள் பக்கம் அவரை காய்க்கும் காலம். பச்சை அவரைக் கொட்டையை நீரில் ஊறவைத்து, விரல்களுக்கிடையே அழுத்தினால் தோல் நீங்கிப் பருப்பு வெளியே துள்ளும். அதைத் தமிழில் பிதுக்கம்பருப்பு என்போம். கன்னடத்தில் ‘ஹிதுகின பேளெ’ என்பர். பிதுக்கு, ஹிதுகு என்னும் இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். பால் என்பது ஹாலு ஆனதும், பள்ளி என்பது ஹள்ளி ஆனதும் இம்முறையில்தான். தமிழில் சொல்லின் முதலில் நிற்கும் பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாக ஒலிக்கும் என்னும் மொழிநூல் விதியை நான் வகுப்பறையில் பலமுறை விளக்கியதுண்டு. ஒரு கிண்ணக் குழம்பைப் போல் எளிதாக அதை விளக்கிய பாடநூலை நான் கண்டதில்லை. 

உருது பேசும் நண்பர் வீட்டிலிருந்து மாங்காய் ஊறுகாய் வரும். அவர் அந்த மாங்காயைத் ‘தோத்தாபுரி’ என்பார். நாங்கள் கிளிமூக்கு மாங்காய் என்போம். ‘தோத்தா’ என்றால் கிளி. இரண்டு மொழியாரும் ஒரே காயைப் பார்த்து ஒரே பறவையை நினைத்திருக்கிறார்கள்! பக்கத்தில் அமர்ந்து உண்ணாமல் இருந்திருந்தால் இந்த உறவுகளை நாங்கள் அறிந்திருக்க மாட்டோம்.

இவை இனிமையான செய்திகள். ஆயினும் இன்று நான் பேச வந்ததற்குக் காரணம் இனிமை மட்டும் இல்லை. உண்ணும் இடத்தில்தான் மனிதன் மிக எளிதாக அவமதிக்கப்படுகிறான். அதைக் கண்ணாரக் கண்டவன் என்ற முறையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1990களில் நான் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். நண்பகலில் சத்துணவு உண்ணும் மாணவர்கள் ஒருபுறம் அமர்வர். வீட்டிலிருந்து கொண்டு வருவோர் மரத்தடியில் அமர்வர். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் மட்டும் கிணற்றுச் சுவரின் மறுபக்கம் சென்று, முதுகைக் காட்டிக்கொண்டு உண்பான். அவன் தூக்கில் நாள்தோறும் கேழ்வரகுக் களி இருந்தது. அதன் நிறத்தைக் கேலி செய்து சக மாணவர்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் இட்டிருந்தார்கள். சில நாள் அவன் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனான். பிறகு பள்ளிக்கு வருவதும் குறைந்தது.

கேலி செய்தவர்களைப் பிரம்பால் திருத்தலாம் என்று சிலர் கருதினர். எங்கள் பள்ளியின் கணித ஆசிரியை வேறு வழி கண்டார். அவர் தாய்மொழி தெலுங்கு. ஒருநாள் அவர் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் களியும் கீரைக் கடைசலும் சமைத்துக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்தார். வகுப்பு முழுவதையும் உண்ண அழைத்தார். பரிமாறுவதற்கு முன் அந்த மாணவனை அருகே அழைத்து, “தம்பி, உங்கள் வீட்டில் நாள்தோறும் செய்கிறார்களே, இது பதமாக வந்திருக்கிறதா, பார்த்துச் சொல்” என்றார்.

அவன் ஒரு துண்டு கிள்ளி வாயிலிட்டான். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “டீச்சர், நடுவுல மாவு கட்டி கட்டியா நிக்குது. இன்னும் கொஞ்சம் கிண்டியிருக்கணும். துடுப்பைப் பானையோட அடியில ஊன்றிச் சுத்தணும்” என்றான். ஆசிரியை மறுநாளும் களி செய்து வந்தார். இம்முறை, “நேற்றைக்கு இது நல்லாருக்கு” என்று அவன் சான்று வழங்கினான். அந்த வாரத்துக்குள் வகுப்பில் ஐந்தாறு பேர் தங்கள் தூக்கிலிருந்த சோற்றைக் கொடுத்து அவன் களியில் பாதியை வாங்கி உண்ணலானார்கள். பட்டப்பெயர் தானாகவே மறைந்தது. அவன் பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுத்தான் பள்ளியை விட்டுச் சென்றான்.

அந்த ஆசிரியை செய்தது என்ன? அவர் அவனுக்கு இரக்கப்பட்டு நல்ல உணவு கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவன் இன்னும் ஒரு படி தாழ்ந்திருப்பான். அவரோ அவனிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டார். அவன் அறிவைக் கேட்டு வாங்கினார். கொடுப்பதற்குத் தன்னிடமும் ஒன்று உண்டு என்பதை அவன் உணர்ந்த கணத்தில் நிமிர்ந்துவிட்டான். 

இதுதான் கூட்டாஞ்சோற்றின் அறம். கொடையில் கொடுப்பவன் கை மேலே இருக்கும். வாங்குபவன் கை கீழே இருக்கும். கொடை உயர்ந்ததுதான், பசித்தவனுக்கு அது உடனே வேண்டும். ஆனால் கூட்டாஞ்சோற்றில் ஒவ்வொருவரும் கொடுப்பவர்; ஒவ்வொருவரும் பெறுபவர். மேல்கை, கீழ்க்கை என்னும் வேறுபாடு அங்கே இல்லை. ஆகவே அது சமமானவர்கள் உண்ணும் சோறு.

இந்த அறத்துக்கு எங்கள் மண்ணில் பழைய வேர் உண்டு. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நீங்கள் அறிவீர்கள். தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அவன் இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல் புறநானூற்றில் இருக்கிறது. அவனுடைய வீரத்தை அவர் முதலில் பேசவில்லை. சோறு சிறிதளவே இருந்தாலும் அதைப் பல கலங்களில் பகிர்ந்து, பலரோடு சேர்ந்து உண்டவன் என்றே நினைந்து வருந்துகிறார். நெல்லிக்கனி கொடுத்த கதையை எல்லாரும் சொல்கிறோம். சிறிய சோற்றைப் பல கலத்தில் பகிர்ந்த இந்தச் செய்தியையும் நீங்கள் மறக்கலாகாது.

இருப்பினும் நம் நாட்டில் சேர்ந்து உண்பது எளிதாகக் கைவந்ததன்று. 1917ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், கொச்சியை அடுத்த செறாயி என்னும் ஊரில், சகோதரன் அய்யப்பன் என்னும் இளைஞர் ஈழவரையும் புலையரையும் ஒரே பந்தியில் அமர்த்தி உண்ணச் செய்தார். அதற்காக அவரை ஊரார் ‘புலையன் அய்யப்பன்’ என்று இகழ்ந்தனர். அவர் அப்பெயரை ஒரு பட்டமாகவே ஏற்றுக்கொண்டார். 

தமிழ்நாட்டில் சேரன்மாதேவிக் குருகுலத்தின் வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வ. வே. சு. ஐயர் நாட்டுப்பற்றில் சிறந்தவர். தமிழ்ச் சிறுகதைக்கு வழி வகுத்தவர். அவர் 1922இல் தொடங்கிய குருகுலத்தில் பிராமண மாணவர் சிலருக்குத் தனியே உணவளிக்கப்பட்டது. பொதுமக்கள் பணத்தால் நடக்கும் நிறுவனத்தில் இது தகாது என்று பெரியார் ஈ. வெ. ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்தனர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே அந்தப் பிணக்கு உலுக்கியது. சில இலைகளை எங்கே போடுவது என்பதுதானே கேள்வி என்று நினைக்காதீர்கள். எவனோடு அமர்ந்து உண்ண மறுக்கிறோமோ அவனை மனிதனாக ஏற்க மறுக்கிறோம் என்பதே அங்கே எழுந்த கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடம் ஒரு நல்ல விடை தந்தது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, அரசுப் பணம் மட்டும் அதற்கு ஆதாரமாக இருக்கவில்லை. ஊர்தோறும் மக்கள் அரிசியும் பருப்பும் காய்கறியும் பொருளும் தந்தார்கள். அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களின் உதவியைத் திரட்டினார். ஒரு வகையில் அது ஊரே சேர்ந்து ஆக்கிய கூட்டாஞ்சோறு. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வழங்கத் தொடங்கினர். ஒரே உணவை உண்டு சமமாவது பள்ளிப் பந்தி. வெவ்வேறு உணவைக் கொண்டுவந்து சமமாவது நண்பர் பந்தி. இரண்டும் நமக்கு வேண்டும்.

எங்கள் நிறைமதி விருந்துக்கு ஒருமுறை என் பக்கத்து வீட்டு மாடியறையில் குடியிருந்த ஒடிசா இளைஞன் ஒருவனை அழைத்தேன். தொழிற்கூடத்தில் இரவுமுறை வேலை செய்பவன். அவன் வருவதற்குத் தயங்கினான். தன்னிடம் கொண்டுவருவதற்குத் தக்க பொருள் ஏதும் இல்லை என்பது அவன் கவலை. இருப்பதைக் கொண்டுவா என்றேன். அவன் ஒரு பாத்திரத்தில் நீரூற்றி வைத்த சோறும், சுட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கும், பச்சைமிளகாயும் வெங்காயமும் கொண்டுவந்தான். அதன் பெயர் ‘பகாள’ என்று கூசிக்கொண்டே சொன்னான். எங்கள் நெசவாள நண்பர் ஒரு வாய் உண்டுவிட்டு, “இது நம்ம பழைய சோறு அல்லவா! என் தாயார் போனதுக்கு அப்புறம் எனக்கு யாரும் இதைக் கொடுக்கலையே!” என்றார். எங்கள் வீட்டுப் பலகாரங்கள் எல்லாம் அன்று பின்வரிசைக்குப் போயின. ஒடிசா மக்கள் மார்ச்சு மாதம் 20ஆம் நாளைப் பகாள நாளாகவே கொண்டாடுகிறார்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம். ஏழைச் சோறு என்று நாம் மறைக்கும் பழையதை ஒரு மாநிலமே தன் பெருமையாகக் கொண்டாடுகிறது!

கேழ்வரகின் கதையும் அத்தகையதே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதற்குப் பின் களியை விலை உயர்ந்த உணவகங்களில் தேடி உண்கிறார்கள். கிணற்றுச் சுவருக்குப் பின்னால் மறைந்து உண்ட அந்த மாணவன் நினைவுக்கு வருகிறான். உணவில் தாழ்வு இருந்ததில்லை. பார்த்த கண்ணில்தான் தாழ்வு இருந்தது.

மாணவ மாணவியரே, நீங்களும் உங்கள் நண்பர்களோடு இவ்வாறு கூடி உண்ணுங்கள். மாதம் ஒருநாள் போதும். அதற்குச் சில நெறிகள் உண்டு. நாங்கள் பழகிக் கண்டவற்றைச் சொல்கிறேன்.

யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று விலை உயர்ந்த பண்டங்களைப் பட்டியலிட்டுக் கேட்காதீர்கள். வீட்டில் அன்று ஆக்கியதே போதும். ஒன்றும் கொண்டுவர இயலாதவன் இலை அறுத்து வரட்டும், தண்ணீர் இறைத்து வைக்கட்டும், பரிமாறட்டும். அவையும் பங்குதான். யார் எதைக் கொண்டுவந்தார் என்று கணக்கெடுக்க வேண்டாம். நடுவில் வைத்த பிறகு அது எல்லாருடைய உணவு.

ஊன் உண்ணாதவர் இருப்பர். சில உணவைச் சமய நெறியால் விலக்குவோர் இருப்பர். நிலக்கடலையோ பாலோ சிலர் உடம்புக்கு ஒவ்வாமல் இருக்கலாம். எதில் என்ன கலந்திருக்கிறது என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கரண்டிகளைத் தனித்தனியே வையுங்கள். ஒருவர் ஒன்றை வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவரும் மற்றவர் உண்பதைப் பார்த்து முகம் சுளிக்காதிருக்க வேண்டும். சேர்ந்து உண்பதற்கு ஒரே உணவை உண்ண வேண்டியதில்லை. ஒரே மதிப்போடு உண்டால் போதும்.

சமைத்தவர் யார் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் தாயோ பாட்டியோதான் சமைத்திருப்பார்கள். அடுத்த முறை அவர்களுக்குத் துணையாக நீங்களே அடுப்படியில் நில்லுங்கள். ஆண்பிள்ளைகளுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். துடுப்புப் பிடித்துக் களி கிண்டிப் பாருங்கள். அரைநாழிகைக்குள் தோள் நோகும். அதற்குப் பின் எவர் தூக்கில் உள்ள உணவையும் பழித்துப் பேச உங்களுக்கு நா எழாது.

இறுதியாக ஒன்று. நாளை நண்பகலில் உங்கள் வகுப்பைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். யாரேனும் ஒருவர் மூடியைப் பாதி திறந்து, கையால் மறைத்து, விரைவாக உண்டு முடிப்பதைக் காண்பீர்கள். அவருக்கு உங்கள் உணவில் ஒரு பங்கு கொடுக்க எழாதீர்கள். அதைப் பிறகு செய்யலாம். முதலில் அவர் அருகே சென்று அமர்ந்து, “உன் வீட்டுச் சமையலில் எனக்குக் கொஞ்சம் தருவாயா?” என்று கேளுங்கள்.